திரும்பத் திரும்ப வந்த படம்

என் சம்சாரத்துக்குப் பேச்சு நின்றது மிளகு பறிக்கிற காலத்தில். நான் ஏணி மேல் இருந்தேன். அவள் கீழே நின்று நான் போடுகிற கொத்துகளைக் கூடையில் வாங்கிக்கொண்டிருந்தாள். கூடை சாய்ந்து மிளகு கொட்டியது. ஏன் கொட்டுகிறாய் என்று மேலே இருந்தே கேட்டேன். பதில் இல்லை. இறங்கிப் பார்த்தால் மரத்தில் சாய்ந்து நிற்கிறாள். வலது கை தொங்குகிறது. வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. கண் மட்டும் என் மேல் இருந்தது. அந்தக் கண் என்னைத் தெரிந்து பார்த்ததா, சும்மா திறந்திருந்ததா என்று அன்றைக்கே எனக்குச் சந்தேகம்.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். கால் தேறியது. கை பாதி தேறியது. பேச்சு வரவில்லை. மூளையில் ரத்தம் அடைத்ததால் வந்தது, பயிற்சி கொடுத்தால் பேச்சு வரும், வாரா வாரம் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர். ஒரு தடவை கூட்டிப் போனேன். மலைப்பாதை வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப அவளுக்கு வாந்தி. அடிவாரம் போய்ச் சேர்ந்தபோது பிழிந்துபோட்ட துணி மாதிரிக் கிடந்தாள். பயிற்சி கொடுக்கிற அம்மா என்ன கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டாள். இனி இவளை அந்தப் பஸ்ஸில் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தேன்.

எங்கள் ஊர் மலை மேல், திருப்புலி நாடு என்கிற பகுதியில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மகள் திருப்பூரில் கட்டிக் கொடுத்த இடத்தில் இருக்கிறாள். எது வேண்டுமென்றாலும் நான் சோளக்காடு போக வேண்டும். அங்கே பஸ் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே நூலகம் இருக்கிறது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். எனக்கு நூலகத்தில் வேலை இல்லை. ஆனால் ஒரு வருசம் மிளகுக் கொடியெல்லாம் வாடி விழுந்தபோது, மழைக்கு ஒதுங்கினவன் அங்கிருந்த நூலகர் அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவர் அரசாங்கத்து விவசாய இணையதளம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் திறந்து, வாடின கொடிப் படங்களைக் காட்டி, உங்கள் கொடி இதில் எது மாதிரி என்று கேட்டார். நான் கை வைத்துக் காட்டினேன். அதற்கு என்ன மருந்து என்று படித்துச் சொன்னார். பாதிக் கொடி பிழைத்தது. அதிலிருந்து அவர் மேல் எனக்கு மரியாதை.

அவருக்குச் சொந்த ஊர் அடிவாரத்தில் புளியஞ்சோலைப் பக்கம். மலை மேல் வாடகைக்கு வீடு பிடித்திருந்தார். யார் வந்து எதைக் கேட்டாலும் உடனே புத்தகத்தை நீட்ட மாட்டார். யாருக்கு, எதற்கு என்று முதலில் கேட்பார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு தளம் சொல்வார். பட்டா மாற்ற வந்தவருக்கு வேறொன்று. தெரியாததைத் தெரியாது என்பார். அதனால் சம்சாரத்தைப் பற்றிக் கேட்கவும் அவரிடமே போனேன்.

“என்னங்கய்யா, மொளகுக் கொடி மறுபடியும் வாடுதுங்களா?” என்றார் என்னைப் பார்த்ததும்.

“கொடி இல்லீங்க அம்மிணி. ஊட்டுக்காரி.”

உட்காரச் சொன்னார். நடந்ததைச் சொன்னேன். குறிப்புதவி நூல்கள் என்று எழுதின அலமாரியைத் திறந்து ஒரு பெரிய வைத்தியப் புத்தகத்தை எடுத்தார். அந்த அலமாரிப் புத்தகங்களை வீட்டுக்குக் கொடுப்பதில்லை. அங்கேயே உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். அவர் தமக்குள் படித்துவிட்டு எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார்.

“சொல்லு அழிஞ்சு போகலீங்க. உள்ளதான் இருக்குது. எடுக்கத்தான் தடுமாறுது.”

“அப்ப என்னயத் தெரியுங்களா அவளுக்கு?”

அவர் புத்தகத்தில் விரலை வைத்து அந்தப் பக்கத்தை மறுபடி படித்தார்.

“இதுல பொதுவாத்தானுங்க போட்டிருக்குது. ரொம்பப் பேருக்கு ஆளுங்களத் தெரியும், பேசத்தான் வராது. சிலருக்கு அதுவும் கலங்கிப் போயிருமாம். அவங்களப் பாக்காம நான் எப்படிச் சொல்றது?”

எனக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். அவள் பேசாவிட்டால் போகிறது. எங்கள் வீட்டில் பேச்சு எப்போதும் குறைச்சல்தான். சோறு வைக்கிறவன், குளிக்க வைக்கிறவன், தலை வாரி விடுகிறவன் தன் புருசன் என்று தெரிந்து என்னைப் பார்க்கிறாளா, யாரோ ஒரு ஆள் செய்கிறான் என்று இருக்கிறாளா என்பது தெரிய வேண்டும்.

குழந்தைகளுக்கான பட அகராதி ஒன்று அதே அலமாரியில் இருந்தது. கூட்டிக்கொண்டு வாருங்கள், இதை வைத்து ஆரம்பிப்போம் என்றார் நூலகர். மறுநாளே கூட்டிப் போனேன். எங்கள் ஊரில் இருந்து சோளக்காட்டுக்கு அதிகம் வளைவு இல்லை. பஸ்ஸில் அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை.

நூலகத்தில் பேப்பர் மேசையில் என் பங்காளி உட்கார்ந்திருந்தான். எங்கள் காட்டுக்கு அடுத்த காடு அவனுடையது. வேலை இல்லாத நேரமெல்லாம் பேப்பர் படிக்க அங்கே வந்துவிடுவான்.

“ஏம் பங்காளி, புருசனும் பொண்டாட்டியும் ஒண்ணாங்கிளாஸ் சேந்துட்டீங்களா? பையி, சிலேட்டெல்லாம் வாங்கிட்டியா?”

“பேப்பரப் பாருய்யா நீ.”

“அண்ணி, பாத்துக்குங்க. இவன் பெயிலாயிருவான். நீங்க பாஸாயிருங்க.”

அவள் ஒரு பக்க வாயால் சிரித்தாள். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

ஆனால் புத்தகம் சரிப்படவில்லை. கப்பல், ஒட்டகம், ஆப்பிள் என்று படம் வந்துகொண்டே இருந்தது. அவள் கப்பலைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். மரவள்ளிக்கிழங்குப் படம் வந்தது. நூலகர் “மரவள்ளி, மரவள்ளி” என்று சொல்லிக் கொடுத்தார். அவள் வாயே திறக்கவில்லை. எனக்கு ஒன்று தோன்றியது. அடுத்த நாள் காட்டில் இருந்து ஒரு கிழங்கைப் பிடுங்கி மண்ணோடு கொண்டுபோய் அந்தப் படத்தின் பக்கத்தில் வைத்தேன். அவள் இடது கையால் அதைத் தடவினாள். மண்ணை நகத்தால் சுரண்டினாள்.

“குச்சி,” என்றாள்.

எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்றுதான் சொல்வோம். நூலகர் என்னைப் பார்த்தார். பங்காளி பேப்பரை மடித்து வைத்துவிட்டான்.

“புத்தகத்து மேல தப்பு இல்லீங்க,” என்றார் நூலகர். “இவங்களுக்கு இவங்க சாமான் வேணும்.”

இரண்டு மூன்று நாள் அவர் தேடினார். பிறகு ஒரு தளத்தைக் கண்டுபிடித்தார். அதில் நம் படத்தை நாமே போடலாம். படத்துக்கு நம் குரலிலேயே சொல்லைப் பதிந்து வைக்கலாம். படம் வந்ததும் சொல்லை அவள் சொன்னால் சரி என்று அமுக்க வேண்டும். அந்தப் படம் போய்விடும், பல நாள் கழித்துத்தான் எட்டிப் பார்க்கும். சொல்லாவிட்டால் தவறு என்று அமுக்க வேண்டும். அந்தப் படம் கொஞ்ச நேரத்திலேயே மறுபடி வரும். சொல்லுகிற வரைக்கும் வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடத்தை மனப்பாடம் பண்ணுவதற்கென்று செய்த தளமாம்.

நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றைக்கு அவரே எங்கள் வீட்டுக்கு வந்து போனில் படம் எடுத்தார். மிளகு, பலாப்பழம், சொம்புத் தண்ணீர், நாய், சோறாக்குகிற குண்டா, அடுப்பு, அரிவாள், அவள் சீலை, சுவரில் மாட்டியிருந்த மகள், மாப்பிள்ளை போட்டோ. ஒவ்வொன்றுக்கும் நான் சொல்ல வேண்டும், அவர் பதிய வேண்டும்.

“கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கய்யா. யாருக்கோ பயந்த மாதிரிச் சொல்றீங்க.”

“மொளகு.”

“இன்னுங் கொஞ்சம்.”

“மொளகு!”

நாய் குரைத்தது. என் சம்சாரம் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அவளை நூலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தோம். சொல் வர ஆரம்பித்தது. முதலில் தண்ணி. பிறகு மொளகு. பிறகு நாயி. ஒரு நாள் மகள் படம் வந்தபோது மகளின் பேரைச் சொன்னாள். தெளிவாகச் சொன்னாள். அங்கிருந்தே மகளுக்குப் போன் போட்டு, இன்னொரு தடவை சொல்ல வைத்தோம். அந்தப் பக்கம் மகள் அழுகிறாள். “அம்மா, இன்னொருக்கா சொல்லும்மா,” என்கிறாள். இவள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

என் படமும் அதில் இருந்தது. வேலியோரம் நிற்கிற மாதிரி நூலகர் எடுத்தது. அதற்கு என் பேரை நானே சொல்லிப் பதிந்திருந்தேன். அந்தப் படம் வந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என் குரல் என் பேரைச் சொன்னது. அவள் வாயை இறுக்கிக்கொண்டாள். நூலகர் தவறு என்று அமுக்கினார். இரண்டு படம் தள்ளி நான் மறுபடி வந்தேன். அவள் மறுபடி குனிந்தாள்.

“அப்பாவ மட்டும் அம்மாவுக்குத் தெரியலையா?” என்று போனில் மகள் கேட்டாள்.

“எங்க பக்கம் பொம்பளைங்க புருசன் பேரச் சொல்ல மாட்டாங்க அம்மிணி,” என்றேன் நூலகரிடம். “செத்தாலும் சொல்ல மாட்டாங்க. ஆஸ்பத்திரியில சீட்டு எழுதறப்பகூட பக்கத்துல இருக்கறவங்களத்தான் சொல்லச் சொல்லுவாங்க.”

அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “எங்க அம்மாவும் சொல்ல மாட்டாங்க. நான் இத நெனைக்கவே இல்ல பாருங்க. சரி, உங்கள எப்படிக் கூப்புடுவாங்க?”

“‘ஏனுங்க’ன்னு கூப்புடுவா.”

“அதையே பதிஞ்சிருவம்.”

பதிந்தோம். பங்காளி பேப்பர் மேசையில் இருந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். “உன்னய நீயே ஏனுங்கன்னு கூப்புட்டுக்கற ஆள இன்னிக்குத்தான்யா பாக்கறேன். நீயே ‘வாரேன்’னும் சொல்லிரு, வேலை முடிஞ்சுது.”

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் அதையும் சொல்லவில்லை.

நாள் போகப் போக மற்றப் படங்கள் குறைந்துகொண்டு வந்தன. மிளகு சொல்லிவிட்டாள், மிளகு போய்விட்டது. அடுப்பு போய்விட்டது. நாய் போய்விட்டது. மகள், மாப்பிள்ளை எல்லாரும் போய்விட்டார்கள். கடைசியில் அந்தத் தளத்தைத் திறந்தால் நான்தான். தவறு என்று அமுக்கினால் மறுபடியும் நான். வேலியோரம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன்.

“எலெக்சனுக்கு நிக்கறியா பங்காளி? எந்நேரமும் உம் மூஞ்சியே தெரியுது,” என்றான் அவன். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திக்கொண்டான்.

பேர் சொல்லாததற்கு வழக்கம் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். ஏனுங்க என்பதற்கு வழக்கம் தடை இல்லை. அப்படியானால் எனக்கு ஒரே அர்த்தம்தான் தெரிந்தது. நாயைத் தெரிகிறது, குண்டாவைத் தெரிகிறது, என்னைத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அவளுக்குக் களி கிளறிப் போட்டேன். தின்றாள். கை கழுவி விட்டேன். ஈரக்கையை என் துண்டில் துடைத்துக்கொண்டாள். அதைத் தெரிந்து செய்தாளா? தெரியாத ஆளின் துண்டில் கை துடைப்பாளா? இப்படியே யோசித்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

நூலகர்தான் விடவில்லை. ஒரு நாள் என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டார்.

“ஏனுங்கய்யா, நீங்க அவங்க தோளோட ஒட்டி உக்காந்திருக்கீங்க. பக்கத்துல இருக்கற ஆளப் பாத்து யாராச்சும் ஏனுங்கன்னு கூப்புடுவாங்களா?”

அது எனக்குப் பட்டது. உண்மைதான். அவள் அடுப்படியில் இருந்து கூப்பிடுவாள். நான் காட்டில் இருப்பேன். சோற்றுக்கு நேரமானால் மேட்டில் வந்து நின்று கூப்பிடுவாள். எதிரில் உட்கார்ந்திருக்கிறபோது அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

“பேச்சுப் பயிற்சி கொடுக்கறவங்களோட தளம் ஒண்ணு பாத்தேங்க,” என்றார். “தேவை வந்தா சில பேருக்குச் சொல்லு தன்னால வருமாம். நீங்க கொஞ்சம் தள்ளி இருந்து பாருங்க. ரொம்ப தூரம் வேண்டாம். காது கேக்கற தூரம். கூடவே ஒரு ஆளு கண்ணு வெச்சிருக்கட்டும்.”

பங்காளியிடம் சொன்னேன். அவன் காடு மேல் பக்கம். அங்கிருந்து பார்த்தால் எங்கள் வாசல் தெரியும். பார்த்துக்கொள்கிறேன் என்றான். அன்றைக்கு மட்டும் கிண்டல் இல்லை.

மத்தியானத்துக்கு மேல் அவளைப் பலா மரத்தடியில் கட்டிலில் உட்கார வைப்பேன். காட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மிளகுக் கொடிகளுக்குள் இறங்கி, கண்ணில் படாமல் நிற்பேன். முதல் நாள் அவள் கட்டிலை இடது கையால் தட்டினாள். தண்ணீர் வேண்டுமென்றால் இப்படித்தான் தட்டுவாள், சொல் படத்துக்குத்தான் வரும். நான் போகவில்லை. நிற்க முடியாமல் நின்றேன். அவள் தட்டுவதை நிறுத்திவிட்டாள். பிறகுதான் போய்த் தண்ணீர் கொடுத்தேன். கோபமா என்று கேட்டேன். குடித்துவிட்டுச் சொம்பைக் கொடுத்தாள்.

இன்னொரு நாள் கூப்பிட்டாள். ஓடினேன். “நாயி, நாயி” என்று கூப்பிட்டிருக்கிறாள். நாய் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்து அவள் காலடியில் படுத்துக்கொண்டது. அதன் தலையைத் தடவிக்கொண்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள். நூலகரிடம் சொன்னேன். வாயைத் திறந்து கூப்பிட்டிருக்கிறார்களே, அதுவே நல்லதுதான், விடாதீர்கள் என்றார்.

விடவில்லை. சாமைக் கதிர் முற்றும் வரை அப்படியே போனது.

அன்றைக்குக் காற்று கொஞ்சம் அதிகம். கீழே இருந்து மேல் பக்கமாக அடித்தது. அவளைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு வழக்கம்போல இறங்கினேன். சும்மா நிற்பதற்குப் பதில் கொடிகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். இலைகளெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. எனக்கு எதுவும் கேட்கவில்லை. மேலே இருந்து பங்காளி கத்துகிற சத்தம் கேட்டுத்தான் ஓடினேன். அவனும் வேலியைத் தாண்டி ஓடி வந்துகொண்டிருந்தான்.

கட்டிலில் சாய்ந்து கிடந்தாள். முகம் காட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. மூச்சு இருந்தது. ஜீப்புக்குச் சொல்லி, ஜீப் வருவதற்குள் மூச்சும் நின்றுவிட்டது. நான் தலையை மடியில் வைத்திருந்தேன். நாய் கட்டிலுக்குக் கீழே இருந்து வெளியே வரவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு, மகளும் மாப்பிள்ளையும் ஊருக்குப் போன பிறகு, பங்காளி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் மண்ணைக் குச்சியால் கீறிக்கொண்டிருந்தான்.

“கூப்புட்டாங்க பங்காளி,” என்றான்.

“யாரு?”

“அண்ணிதான். அதக் கேட்டுத்தான நான் நிமிந்து பாத்தேன். ஏனுங்கன்னு கூப்புட்டாங்க.”

“நெசமாவா?”

“எங்காதால கேட்டேங்கறேன்.”

“ஒருக்காவா, ரெண்டு தரமா?”

“ரெண்டு தரம்,” என்றான். கொஞ்சம் பொறுத்து, “மூணு தரமும் இருக்கும்,” என்றான்.

காற்று மேல் பக்கம்தான் அடித்தது. எனக்குக் கேட்காதது அவனுக்குக் கேட்டிருக்கும். அது நடக்கக்கூடியதுதான். ஆனால் அவனை எனக்குச் சின்ன வயதில் இருந்து தெரியும். அழுகிற ஆளைக் கண்டால் அவனுக்குத் தாங்காது. எதையாவது சொல்லித் தேற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். அவன் அண்ணன் இறந்தபோது, அதைப் பார்க்காமலேயே, கடைசியில் சிரித்துக்கொண்டுதான் போனார் என்று அவன் அம்மாவிடம் சொன்னவன்.

நான் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் மறுபடியும் அதையேதான் சொல்வான்.

கொஞ்ச நாள் கழித்து நூலகத்துக்குப் போனேன். நூலகர் சாவுக்கு வந்திருந்தார். ஆனால் அன்றைக்கு எதுவும் பேச முடியவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“நான்தானுங்க உங்களத் தள்ளி நிக்கச் சொன்னேன்,” என்றார்.

“நல்லதுக்குத்தான சொன்னீங்க. பக்கத்துல இருந்திருந்தாலும் போயிருப்பா. அப்பறமாக் கேட்டப்ப டாக்டரும் அதத்தான் சொன்னாரு.”

உட்கார்ந்தேன். பங்காளி சொன்னதை அப்படியே சொன்னேன்.

“அந்த மாதிரி நேரத்துல அப்படிச் சொல்லு வருமாங்க அம்மிணி? எதுலயாச்சும் போட்டிருக்குதா? பாத்துச் சொல்லுங்க.”

அவர் அலமாரியைத் திறந்தார். அந்த வைத்தியப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றையும் எடுத்தார். கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்து படித்தார். பஸ் ஒன்று வந்து போனது. நான் அதில் ஏறவில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பெண் ஒருத்தி ஏதோ கேட்க வந்தாள். அப்புறம் வா கண்ணு என்று அனுப்பிவிட்டார். கடைசியில் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

“வரலாம்னும் இருக்குதுங்க. வராதுன்னும் இருக்குது. அவங்களுக்கு வந்துதான்னு எந்தப் புத்தகத்துலயும் இருக்காதுங்கய்யா. நான் எதையாச்சும் ஒண்ணச் சொன்னா அது பொய்.”

“சரிங்க.”

பேப்பர் மேசை காலியாக இருந்தது. பங்காளி அந்தப் பக்கம் வருவதை நிறுத்தியிருந்தான். அவர் அந்த மேசையைப் பார்த்தார்.

“உங்க பங்காளி பொய் சொல்லுவாருங்களா?” என்று கேட்டார்.

“சொல்லுவானுங்க அம்மிணி,” என்றேன். “நல்ல மனசுக்காரன்.”